குண்டூசி கட்டிய வீடு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று நாடகக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். நான் அதை மறுத்ததில்லை. நடிகன் வசனத்தை மறந்தால் அந்த இடைவெளியையே நடிப்பு என்று கைதட்டுகிறவர்கள், லைட் ஒரு நொடி பிந்தினால் மட்டும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பார்கள். இத்தனை வருஷம் மேடைக்கு லைட் போட்ட பிறகும் ஒருத்திக்குக் கோபம் வரவில்லை என்றால் அவளுக்கு வேறு ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

என் கோபத்துக்கு அசராத ஒரே ஆள் என் தங்கை. அவள் செட் போடுகிறவள். உருவம் சின்னது, வாய் கூர்மை. சின்ன வயசிலேயே நான் அவளுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்துவிட்டேன். பதிலுக்கு அவள் என்னைக் கொடிக்கம்பம் என்பாள். செட் அவள், லைட் நான். எங்களில் ஒருத்தியை மட்டும் யாரும் வேலைக்குக் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டாலும் மற்றவள் கூடவே போய் நின்றுவிடுவாள்.

குண்டூசி இப்போது இல்லை. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே போய்விட்டாள். அவள் படுக்கையில் இருந்தபடி அட்டையில் செய்து கொடுத்த கடைசி செட்டை மேடையில் நிறுத்துகிற வேலை என் தலையில் விழுந்தது. அதில் ஒரு ஆணியைக்கூட யாரும் மாற்ற விடக் கூடாது என்று நான் முடிவு செய்துகொண்டேன். அவளுக்காகச் செய்ய எனக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

நாடகம் பழையது. பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் உட்கார்த்தி வைத்துப் படிக்க வைத்தது. போருக்குப் போய் வருஷக்கணக்கில் திரும்பாத அரசன் ஒருநாள் வந்து கதவைத் தட்டுவான். அரசி திறக்க மாட்டாள். நாடகம் முழுக்க அவன் வெளியே நின்று அதட்டுவான், கெஞ்சுவான், அழுவான். கதவு கடைசி வரைக்கும் திறக்காது. யார் போட்டாலும் மேடை நடுவில் யானை நுழைகிற அளவுக்கு ஒரு கோட்டைக் கதவு, அதன் முன்னால் தலையில் கிரீடத்தோடு அரசன், பின்னாலிருந்து அரசியின் குரல். இத்தனை காலம் அவள் முகத்தை யாரும் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

எங்கள் இயக்குநர் இதைப் புதுசாகப் போட வேண்டும் என்றார். கிரீடம் வேண்டாம், கோட்டை வேண்டாம், இந்தக் காலத்து வீடாக இருக்கட்டும் என்றார். அதற்கு மேல் அவரிடம் சரக்கு இல்லை. நல்ல மனுஷர்தான். பெரிய வார்த்தையைக் கண்டால் மட்டும் சொக்கிப்போய்விடுவார்.

யோசனை குண்டூசியுடையது.

"கதவைத் திருப்பிப் போட்டா என்னக்கா?" என்றாள் ஒருநாள் மத்தியானம். "ஜனங்க எல்லாரும் அவளோட உள்ள இருக்கட்டும். அவனைக் காட்டவே வேண்டாம்."

"அரசனைக் காட்டாம அரசன் நாடகமா? அந்த வேஷம் கட்டுறவன் உன்னை உதைக்க வருவான்."

"வரட்டும். எழுந்து ஓட எனக்குத்தான் தெம்பில்லையே, வசதியா உதைச்சுட்டுப் போகட்டும்."

மடியில் பலகையை வைத்துக்கொண்டு, தலையணையில் சாய்ந்தபடி, அட்டையை வெட்டி ஒட்டி அந்த வீட்டைச் செய்தாள். ஒரு அறை, ஒரு சமையலறை, நடுவே சுவர் இல்லை. பின்னால் வாசல் கதவு. அதன் அடியில் ஒரு இடைவெளி. நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அந்தக் கதவுக்குப் பின்னால் டார்ச் அடித்தேன். அவள் இரண்டு தீக்குச்சிகளை வெளிச்சத்துக்குக் குறுக்கே நிறுத்தினாள். கதவடியில் ஒரு ஒளிக்கோடு, அதில் இரண்டு காலின் நிழல். அவ்வளவுதான் அரசன். அது அவள் போர்வை வரைக்கும் நீண்டு விழுந்தது. ஒரு மனுஷன் வெளியே நிற்கிறான் என்று எனக்கு நிஜமாகவே தோன்றியது.

"மூணாவது காட்சில நிக்க முடியாம அப்படியே உட்கார்ந்துடுவான். அப்போ நிழல் மொத்தத்தையும் அடைச்சுக்கும். வீடு இருட்டாயிடும். அது உன் பாடு," என்றாள்.

எந்த செட்டுக்கும் குண்டூசி முதலில் செய்வது ஒன்று உண்டு. நடிக்கப்போகிறவரை வரவழைத்து உடம்பளவு எடுப்பாள், தையற்காரர் எடுப்பதுபோல. நாற்காலியில் உட்காரச் சொல்வாள், கையைத் தூக்கச் சொல்வாள், தாழ்ப்பாள் போடுவதுபோல நடிக்கச் சொல்வாள். முழங்கை எங்கே வருகிறது, கண் எங்கே வருகிறது என்று பார்த்துத்தான் சமையல் மேடையையும் அலமாரியையும் வரைவாள். சொந்த வீட்டில் யாரும் தடவித் தேட மாட்டார்கள், கை தானாகப் போய் நிற்க வேண்டும் என்பாள். இந்த முறை அவளால் எழுந்து வர முடியவில்லை. அளவெல்லாம் எழுதி, மாடலோடு தச்சரிடம் கொடுக்கச் சொன்னாள். நானும் கொடுத்தேன்.

தச்சர் எழுதியிருந்த அளவில் இம்மி பிசகாமல் கட்டி, மேடையில் நிறுத்தினார். முதல் நாள் அரசி வேஷக்காரி உள்ளே வந்தாள். அவள் என்னைப் போல நெட்டை. சமையல் மேடையில் கை வைத்தாள், பாதி முதுகு வளைந்தது. சுவரில் பதித்த கண்ணாடியில் பார்த்தாள், கழுத்துக்குக் கீழேதான் தெரிந்தது. தாழ்ப்பாளைத் தொட இடுப்பை மடக்கினாள். சுவிட்ச் அவள் தொடைக்குப் பக்கத்தில் இருந்தது. வேலைக்காரர்களில் யாரோ சிரித்தார்கள்.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. சமையல் மேடை, அலமாரி, தாழ்ப்பாள், கண்ணாடி எல்லாம் குண்டூசியின் அளவு.

"என்னங்க இது, பொம்மை வீடு மாதிரி இருக்கு?" என்றார் இயக்குநர். "அளவு மாறிப்போச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். பாவம், உடம்பு முடியாத நேரத்தில் செய்தது, அப்படித்தான் இருக்கும் என்று நாலு பேர் உச்சுக்கொட்டியிருப்பார்கள். என் தங்கையைப் பார்த்து யாரும் உச்சுக்கொட்டுவதை நான் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"வேணும்னேதான் சார் அப்படி. காத்திருந்து காத்திருந்து அந்த வீடே அவளை அமுக்கிடுச்சு. சொந்த வீட்ல அவளால நிமிர முடியல. அதான் விஷயம்."

அவர் கண் விரிந்தது. செட்டை ஒருமுறை, நடிகையின் வளைந்த முதுகை ஒருமுறை பார்த்தார். "அடடா," என்றார். "அடடா!"

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவர் வாயில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வைத்து, குனிந்த அரசி, நிமிர முடியாத காலம் என்று விளாசினார். அவருக்கே தோன்றிய யோசனை என்று நம்பவும் ஆரம்பித்துவிட்டார். நான் விட்ட கதை எனக்கே தெரியாத மொழியில் வளர்ந்து நின்றது. எனக்கென்ன, செட் தப்பித்தது. நடிகை மட்டும் தினமும் ஒத்திகை முடிந்ததும் தரையில் மல்லாந்து படுத்து முதுகை நீட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போகும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

அடுத்து லைட் வேலை. விளக்குகளைத் திருப்பி நிறுத்தும்போது, நடிகர் நிற்கப்போகிற இடத்தில் யாராவது நிற்க வேண்டும். அவர் முகத்தில் வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்துத்தான் ஒவ்வொரு விளக்கையும் முடுக்குவோம். என் விளக்குகளுக்கு எப்போதும் குண்டூசிதான் நின்றாள். நின்றுகொண்டே என்னைத் திட்டுவாள், ஏணியில் இருப்பவனைக் கிண்டல் செய்வாள், ஒரு இஞ்ச் நகர மாட்டாள். நடிகருக்கும் அவளுக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்பது எனக்கு மனப்பாடம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் ஒரு சாண், இரண்டு சாண் என்று கணக்காக ஏற்றிவிடுவேன்.

இந்தத் தடவை, நான் நிற்கட்டுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். யாரும் வேண்டாம் என்று விரட்டிவிட்டேன். ஒரு மைக் ஸ்டாண்டை எடுத்து, அதன் தலையில் வெள்ளைத் துண்டைக் கட்டி, இடத்துக்கு இடம் நகர்த்தி வைத்து வேலை செய்தேன். ஸ்டாண்டின் உயரத்தை என் கை தானாக முடுக்கியது. அந்தத் துண்டோடு நான் பேசவும் செய்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இல்லை. வேலை சீக்கிரம் முடிந்தது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் லைட்டோடு முழு ஒத்திகை. அரங்கு இருண்டது. கதவடியில் ஒளிக்கோடு வந்தது, இரண்டு கால் வந்து நின்றது. முன்வரிசையில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நடிகை அடுப்பிலிருந்து திரும்பி, நடுவில் வந்து, முதல் முறையாக நிமிர்ந்து நின்று பேச ஆரம்பித்தாள்.

அவளுக்கு முகம் இல்லை. கை தெரிந்தது, புடவை தெரிந்தது, நெஞ்சு வரைக்கும் பளிச்சென்று வெளிச்சம். அதற்கு மேல் இருட்டு. அந்த இருட்டிலிருந்து வசனம் வந்தது. ஜன்னலுக்குப் போனாள், அங்கேயும் அப்படியே. கதவுக்குப் போனாள், அப்படியே. எல்லா விளக்கும் ஒரே உயரத்தில், இல்லாத ஒருத்தியின் முகத்துக்குக் குறி வைத்திருந்தது. மேலே ஏற்ற வேண்டும் என்பதை நான் மறந்திருந்தேன். ஒரு விளக்கில் இல்லை, அத்தனையிலும்.

இயக்குநர் இருட்டில் தடவிக்கொண்டு என் நாற்காலிக்கு வந்தார். "இதுவும்... வேணும்னேதானா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. ஆசையாகக் கேட்டார். கையில் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"இல்ல சார்," என்றேன். "ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

எல்லோரும் கலைந்த பிறகு நடிகை மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நானும் தயாரானேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"வெளிச்சத்தோட சூடு எப்பவும் முகத்துல விழும்மா. அதை வெச்சுத்தான் நாங்க இடம் பிடிப்போம். இன்னிக்கு நெஞ்சுல விழுது." கொஞ்சம் தயங்கினாள். "அது அவங்க உயரம்தானே? வீடும் அவங்க அளவுதானே?"

நான் தலையாட்டினேன்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல. அவங்க எனக்கு ரெண்டு நாடகத்துக்கு செட் போட்டிருக்காங்க. ரெண்டு தடவையும் அளவு எடுத்தாங்க. நெட்டச்சி, உனக்கு மட்டும் தனியா மரம் வாங்கணும்டின்னு திட்டினாங்க. என் அளவு அவங்களுக்குத் தெரியாதா?"

"கடைசில மருந்து மயக்கம்மா. நினைப்பு ஒரு நேரம்போல இருக்காது," என்றேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் அதுதான்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாத்த வேண்டாம்மா. நான் குனிஞ்சே நடிச்சுடறேன். முழு நாடகமும். முட்டியை மடக்கி நடந்தா முகம் வெளிச்சத்துல வந்துடும், செஞ்சு பார்த்தேன். வீடும் இருக்கட்டும், லைட்டும் இருக்கட்டும். அவங்க கடைசி வேலை."

செய்தும் காட்டினாள். புடவைக்குள் முழங்காலை மடக்கி, தோளை ஒடுக்கி, அந்த வீட்டுக்குள் நடந்தாள். முகம் வெளிச்சத்துக்குள் வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு நல்ல நடிகை, என் துக்கத்துக்காக நொண்டிக்கொண்டு நடந்தாள். குண்டூசி இதைப் பார்த்திருந்தால் என்னைச் செருப்பால் அடித்திருப்பாள். அவளை உட்கார வைத்துவிட்டு, இயக்குநரைத் தேடிப் போனேன்.

செட்டை உயர்த்த வேண்டும் என்றதும் அவர் பதறினார். "என்ன விளையாடுறீங்களா? குனிந்த அரசின்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு! அதுதாங்க நாடகமே. உங்க தங்கச்சியோட தரிசனமே அதுதான். அதைப் போய் நீங்களே..."

அப்போது எல்லோரும் மேடைக்குத் திரும்பியிருந்தார்கள். தச்சர், வேஷக்காரர்கள், லைட்காரர்கள், ஒரு ஓரத்தில் நடிகை. எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் அவர் விடப்போவதில்லை. நான் விட்ட கதையை நானே உடைக்க வேண்டும். உடைத்தால் எல்லோர் முன்னாலும் அவள் பெயரைச் சேர்த்துத்தான் உடைக்க வேண்டும்.

"தரிசனமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் கத்தினேன். "அளவு தப்பு. என் தங்கச்சி தப்பா அளந்துட்டா. அவளால எழுந்து வர முடியல. தன் அளவையே போட்டுட்டா. நான்தான் உங்க காதுல பூ சுத்தினேன். அவ யோசிச்சது அந்தக் கதவை, அது மட்டும் போதும். மத்ததெல்லாம் தப்பு."

யாரும் உச்சுக்கொட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். அதற்கு முன்னால் அவர் என்னை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை.

"சொன்னா அது தப்புன்னு ஆயிடும்ல சார்."

அவர் எல்லோரையும் சாப்பிட அனுப்பினார். தச்சர் மட்டும் கருவிப் பையோடு மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். விளக்குகள் இன்னும் பழைய உயரத்தில்தான் எரிந்துகொண்டிருந்தன. அணைப்பதற்கு முன்னால் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. அத்தனை நாள் வெளியே உட்கார்ந்து பார்த்தேனே தவிர, அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்ததில்லை.

முழங்காலை மடக்கி, அவள் உயரத்துக்கு இறங்கினேன். வெளிச்சம் கண்ணில் விழுந்தது. அப்படியே நடந்தேன்.

சமையல் மேடை என் முழங்கைக்குச் சரியாக இருந்தது. கையைத் தூக்கினேன், அலமாரியின் மேல்தட்டு எட்டியது. திரும்பினேன், தாழ்ப்பாள் விரலுக்குள் வந்து உட்கார்ந்தது. எதையும் தடவித் தேட வேண்டியிருக்கவில்லை. கடைசியாகக் கண்ணாடி முன்னால் நின்றேன். நெற்றியிலிருந்து தாடை வரை முழு முகமும் தெரிந்தது.

நாங்கள் இருந்ததெல்லாம் வாடகை வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் சமையல் மேடை அவள் நெஞ்சுக்கு வரும். ஒரு முக்காலியைக் காலாலேயே தள்ளித் தள்ளி, அதில் ஏறி இறங்கித்தான் அவள் சமைத்தாள், துணி எடுத்தாள், விளக்குப் போட்டாள். வீட்டுக்காரர் பதித்துவிட்டுப் போன கண்ணாடிகளில் அவளுக்கு நெற்றி மட்டும்தான் தெரியும். அதை வைத்தே தலை வாரிக்கொண்டு, எல்லாம் சரியா இருக்காக்கா என்று என்னிடம் வந்து முகத்தைக் காட்டுவாள். வெளியே போனாலும் அப்படித்தான். அடுத்தவர் உடம்பை அளந்து அளந்து, நெட்டைக்கும் குட்டைக்கும் எத்தனையோ வீடு கட்டிக் கொடுத்தாள். அவள் உடம்புக்கு ஒரு வீடும் இருந்ததில்லை.

அவள் தப்பாக அளக்கவில்லை.

தெரிந்தே செய்தாளா, அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது கை அப்படிப் போய்விட்டதா, எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை. அளந்த அளவு சரியாகத்தான் இருந்தது. அதைத்தான் நான் சற்று முன்னால் அத்தனை பேர் எதிரில் தப்பு, தப்பு என்று கத்தினேன். இனி ஓடிப்போய், இல்லை, தப்பில்லை என்று யாரிடம் சொல்வது? சொன்னால் இந்த வீட்டை இப்படியே விட்டுவிடுவார்களா? விடக் கூடாது. இன்னொருத்தி வந்து நடித்தாக வேண்டும். அவள் நிமிர்ந்து நிற்க வேண்டும், அவள் முகத்தை ஜனங்கள் பார்க்க வேண்டும்.

மடக்கிய முழங்கால் வலித்தது. இருந்தாலும் கண்ணாடியை விட்டு நகர மனம் வரவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஜாடை என்று எல்லோரும் சொல்வார்கள்.

"அம்மா," என்றார் தச்சர். "எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். கண்ணாடியிலிருந்து முகம் போய்விட்டது.

"இந்தக் கண்ணாடியை முதல்ல ஏத்துங்கண்ணே," என்றேன்.